காகம் காட்டிய குழி

கட்டைபறிச்சானில் தரம் 10 பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். பலாங்கொடை மனிதன், கல்லாயுதம், குகை என்று பாடம் போய்க்கொண்டிருந்தது. பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், அந்த ஆக்களுக்குச் சமயம் இருந்ததா?"

நான் தமிழில் சிறப்புப் பட்டம் பெற்றவன். ஆசிரியர் பற்றாக்குறையால் வரலாறும் என் தலையில் விழுந்தது. "நாளைக்குச் சொல்றன் மகள்" என்று சமாளித்துவிட்டேன். அந்த நாளை வருவதற்குச் சில மாதங்கள் எடுத்தன. தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

எழுத்தும் கோயிலும் இல்லாத காலத்து மனிதனின் நம்பிக்கையை எதை வைத்து அறிவது? ஆய்வாளர் முதலில் தேடிப் போவது அவனுடைய கபுறைத்தான். பசிக்கு வேட்டையாடலாம், குளிருக்குத் தீ மூட்டலாம். அவை உயிர் பிழைக்கும் வேலைகள். இறந்த ஒருவருக்காகக் குழி தோண்டுவதால் வயிறு நிறையாது. ஆகவே அந்தக் குழியில் வேறேதோ இருக்கிறது.

கென்யாவின் பங்கா யா சயிதி குகையில் 78,000 ஆண்டுகளுக்கு முன் அடக்கப்பட்ட சுமார் மூன்று வயதுக் குழந்தை ஒன்றைக் கண்டெடுத்தார்கள். ஆபிரிக்காவில் இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய மனித அடக்கம் அது. குழந்தையைப் பக்கவாட்டில், கால்களை மடக்கிக் கிடத்தியிருந்தனர். உடலை எதனாலோ இறுகச் சுற்றி, தலைக்குக் கீழே எதையோ வைத்திருக்க வேண்டும் என்று எலும்புகளின் கிடையைப் பார்த்து முடிவு செய்தார்கள். சுற்றியதும் தலையணையும் மக்கிப் போய்விட்டன. வாசித்தபோது எனக்குக் கபன்தான் ஞாபகம் வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். பாஹியன்கல குகையிலும் பட்டதொம்பலென குகையிலும் பல்லாயிரம் ஆண்டு பழைமையான மனித எச்சங்கள் கிடைத்துள்ளன. அந்த மக்கள் தாங்கள் வாழ்ந்த குகைத் தரையிலேயே இறந்தோரை அடக்கினர். சில எலும்புகளை மட்டும் தெரிந்தெடுத்து மறுபடி அடக்கும் வழக்கமும் இருந்தது. இராவணா எல்லைக் குகையில் கிடைத்த ஒரு மண்டையோட்டுத் துண்டில் செங்காவி பூசப்பட்டிருந்தது. செந்நிறம் அவர்களுக்கு எதைக் குறித்தது, இரத்தத்தையா, மறுபிறப்பையா? எலும்பு அதைச் சொல்லாது. ஒரு கை அதைக் கவனமாகப் பூசியது என்பதை மட்டும் சொல்லும்.

அதற்கு வெகுகாலம் பிந்தியது பெருங்கற்காலம். புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பில் தாழிகள். அவற்றில் சில தாழிகளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்டோரின் எலும்புகள். தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவையில் கற்பலகைகளால் அமைத்த பேழைகள், அவற்றுள் எரித்த சாம்பல், மட்பாண்டம், மணிகள். கிழக்கில், வெருகலைத் தாண்டினால் வரும் கதிரவெளியையும் ஆய்வாளர் இந்தப் பட்டியலில் சேர்க்கின்றனர். எத்தனை தடவை பஸ்ஸில் அந்த வழியால் போயிருப்பேன்! ஒருநாளும் இறங்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்த தாழிகளைப் பற்றி வாசித்தபோது புறநானூற்றின் 256ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. கணவனை இழந்த பெண் குயவனிடம் போய், தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய், எனக்கும் அதில் இடம் வேண்டும் என்று கேட்கிறாள். பல்கலைக்கழகத்தில் அதை முதுபாலைக்கு உதாரணமாகப் படித்து, சோதனை எழுதி, மறந்துபோனேன். அது ஒரு மண்குடத்தின் கதை என்று அப்போது விளங்கவில்லை.

எங்களுக்கும் ஒரு முதல் கபுறின் கதை உண்டு. சூரா அல்மாயிதாவில் ஆதமின் மகன் ஒருவன் தன் சகோதரனைக் கொன்றுவிட்டு, உடலை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான். அல்லாஹ் ஒரு காகத்தை அனுப்புகிறான். அது நிலத்தைக் கிளறிக் காட்டுகிறது. அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு வருத்தம் வருகிறது. ஒவ்வொரு சமூகத்துக்கும் எச்சரிப்பவர் வந்தார் என்பது நம் ஈமான். அந்தக் குகைவாசிகளை 'ஒன்றும் அறியாத காட்டுமிராண்டிகள்' என்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை.

இதையெல்லாம் நான் சும்மா ஒரு ஆர்வத்தில் தேடவில்லை. 2020 ஏப்ரலில் கொவிட்டால் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. பிறந்து 20 நாளான சிசுவும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வாயில் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். அந்த டிசம்பரில் கொழும்பில் மௌத்தான என் பெரிய மாமாவுக்கும் அதே கதிதான். மாமி அழவில்லை. "கபுறும் இல்ல மகன், எங்க போய் நான் சலாம் சொல்ற?" என்று மட்டும் கேட்டா. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்க வழி பிறந்தது. மாமாவுக்கு அது பிந்திவிட்டது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. மாமியின் கேள்வி அப்படியே கிடக்கிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இப்பன்கட்டுவையில் எரித்தவர்களும் அன்போடுதான் எரித்தார்கள். சாம்பலைக் கல்லுக்குள் வைத்து மணியும் சேர்த்தார்கள். கட்டைபறிச்சானில் என் பிள்ளைகளின் வீடுகளிலும் சிதை மூட்டுவது மரியாதைதான். எரிப்பது குற்றமல்ல. இறந்தவரை அவருடைய ஆக்களிடமிருந்து பறித்து, அவர்கள் அறிந்த முறையில் வழியனுப்பவிடாமல் செய்ததுதான் குற்றம். 78,000 வருடத்துக்கு முன்பே மனிதன் கற்றுக்கொண்ட ஒன்றை நாம் ஒரு வர்த்தமானியால் மறந்தோம்.

பிறகு ஒருநாள் வகுப்பில் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொன்னேன். "அவங்க எந்தக் கடவுளைக் கும்பிட்டாங்க என்று எனக்குத் தெரியாது மகள். ஆனா செத்த பிள்ளையைச் சும்மா விட்டுட்டுப் போகல. சுத்தி, தலைக்கு அணை வெச்சு, மண்ணுக்குள்ள வெச்சாங்க. சமயம் அங்கதான் தொடங்கியிருக்கும் என்று நான் நினைக்கிறன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்கட அம்மம்மாவுக்கும் நாங்க தலையணை வெச்சனாங்க, சேர்" என்றாள்.

அதற்கு மேல் எனக்குப் பாடம் நடத்த முடியவில்லை. மணி அடிக்கும்வரை பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டு மரணங்களைச் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.