சங்கிலி நாடகமும் இரு சங்கிலியரும்

அரச குடும்பத்துப் பூசல் நாடகத்திற்கு மிகவும் ஏற்ற பொருளாகும். அரியணை ஒன்று, அதனை விழைவோர் பலர், இடையில் நஞ்சும் வாளும் வஞ்சமும். யாழ்ப்பாண அரசின் இறுதி நூற்றாண்டு இத்தகைய நிகழ்ச்சிகள் நிறைந்தது. அதனாலேயே சங்கிலி மன்னன் கதை ஈழத் தமிழரின் ஊர் மேடைகளில் நிலைத்த இடம் பெற்றது. கத்தோலிக்க ஊர்களில் அது நாட்டுக்கூத்தாக ஆடப்பட்டது. இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அதனை நாடக நூலாக ஆக்கினார். நீண்ட வரலாற்று முன்னுரையுடன் அவருடைய 'சங்கிலி' 1956-இல் வெளிவந்தது.

இம்மன்னனை மேடைகள் ஒரே வகையாகக் காட்டவில்லை. ஓரிடத்தில் அவன் உடன்பிறந்தாரையும் மதம் மாறியோரையும் கொன்ற கொடியவன். மற்றோரிடத்தில் பறங்கியரை எதிர்த்து முடியிழந்த வீரன். ஒரே மன்னனுக்கு இவ்விரு தோற்றங்களும் எவ்வாறு வந்தன?

நாடகக் கதைக்குப் பெரிதும் அடிப்படையாய் நிற்பது மயில்வாகனப் புலவர் 18-ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் எழுதிய 'யாழ்ப்பாண வைபவமாலை'. பரராசசேகரன் என்னும் மன்னனுக்கு மனைவியர் பலர். பட்டத்துக்குரிய சிங்கவாகு நஞ்சால் இறக்கிறான்; பண்டாரம் வாளால் வீழ்கிறான்; பரநிருபசிங்கன் உரிமையிழந்து நிற்கிறான். காமக்கிழத்தி வயிற்றிற் பிறந்த சங்கிலி முடி சூடுகிறான். மன்னாரில் கிறித்தவரைக் கொல்விக்கிறான். பரநிருபசிங்கன் பறங்கியரோடு சேர்கிறான். முடிவில் சங்கிலி பறங்கியர் கையில் அகப்பட்டு உயிர் இழக்கிறான். தொடக்கமும் உச்சமும் வீழ்ச்சியும் அமைந்த இக்கதை, நாடக ஆசிரியன் வேண்டுவன அனைத்தையும் தன்னகத்தே கொண்டது.

எனினும், போர்த்துக்கேயர் குறிப்புகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தோர் இக்கதையில் இருவர் வரலாறு ஒருவர்மேல் ஏற்றப்பட்டிருப்பதைக் கண்டனர். முதலாம் சங்கிலி 1519 முதல் 1561 வரை ஆண்டவன். 1544-இல் மன்னாரில் 600-க்கும் மேற்பட்டோரைக் கொல்வித்தவன் இவனே என்பர். 1560-இல் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ தெ பிரகன்சா நல்லூரைக் கைப்பற்றினான். ஆயினும் அதனை வைத்திருக்க இயலாது மன்னாரோடு அமைந்தான். முதலாம் சங்கிலி பறங்கியர் கையில் மாளவில்லை.

மாண்டவன் சங்கிலி குமாரன் என்னும் இரண்டாம் சங்கிலி. 1591-இல் பறங்கியர் முடி சூட்டிய எதிர்மன்னசிங்கன் 1617-இல் இறந்தபோது, அவன் மகன் சிறு குழந்தை. குழந்தைக்காக அரசு நடத்த வந்த அரசகேசரியைக் கொன்று சங்கிலி குமாரன் ஆட்சியைப் பற்றினான். தஞ்சை இரகுநாத நாயக்கரின் உதவியையும் நாடினான். 1619-இல் பிலிப் தெ ஒலிவேறா அவனைச் சிறைப்பிடித்தான். கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே அவன் கொல்லப்பட்டான். யாழ்ப்பாண அரசும் அவனோடு முடிந்தது.

இருவரை ஒருவராக்குதல் நாடகத்திற்குப் புதிதன்று. ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகத்தில் இளவரசன் ஹாலும் ஹாட்ஸ்பரும் ஒத்த வயதினராய்ப் போட்டியிடுகின்றனர். உண்மையில் ஹாட்ஸ்பர் 20 ஆண்டுகளுக்கு மேல் மூத்தவன். காலத்தைச் சுருக்குவது மேடைக்கு உரிய உரிமை. இரண்டு மணி நேரத்தில் நூறாண்டுக் கதையை விரித்துக் காட்ட எவராலும் இயலாது.

ஆனால் இச்சுருக்கத்தால் நேரும் இழப்பொன்று உண்டு. ஒரே சங்கிலியைக் காணும் மக்கள், அரசு அழிந்ததற்கு ஒருவனுடைய கொடுமையோ, ஒரு பரநிருபசிங்கனின் துரோகமோ காரணம் என்று எண்ணி வீடு திரும்புவர். இருவரையும் பிரித்து நோக்கினால் வேறோர் உண்மை புலனாகும். 1519-இலும் அரியணைக்கு உரியவர் யார் என்பதில் பூசல். 1617-இலும் அதே பூசல். மூத்தவன் உரிமையா, பட்டத்தரசி மகன் உரிமையா, வலியவன் உரிமையா என்பது நூறாண்டு கடந்தும் தீரவில்லை. உரிமை இழந்தவன் கடல் கடந்து வந்தவனிடம் முறையிட்டான். அவனும் முறையீட்டைக் காரணமாக்கி உட்புகுந்தான். பறங்கியர் பீரங்கி வலியதுதான். அதற்குக் கதவைத் திறந்துவிட்டது அரண்மனைப் பூசலே.

பள்ளியிலோ மன்றத்திலோ சங்கிலி நாடகத்தை அரங்கேற்றும் ஆசிரியர் கதையை மாற்ற வேண்டுவதில்லை. திரை உயருமுன் கட்டியக்காரன் வாயிலாக, "இக்கதையில் வரும் சங்கிலி ஒருவன், வரலாற்றில் இருவர்" என்று ஒரு சொல் சொல்வித்தால் போதும். நடிக்கும் மாணவன் 1519, 1560, 1617, 1619 என்னும் நான்கு ஆண்டுகளை வரிசையாய் அறிந்திருந்தால், தான் ஏந்தும் வாள் யாருடையது என்பதை உணர்ந்து நடிப்பான். காண்போரும் ஒருவனைப் பழிப்பதோடு நில்லாமல், ஓர் அரசு எவ்வாறு அழிகிறது என்று சிந்திப்பர்.