அன்பியமும் மனநோயும்: சித்தூர் வட்டத் தமிழ்ப் பங்குகளை முன்வைத்து

கேரளத்தில் கொல்லங்கோட்டை உள்ளடக்கிய சித்தூர் வட்டத்தில் தமிழ் பேசும் கத்தோலிக்கர் கணிசமாக வாழ்கின்றனர். 2013 டிசம்பரில் கோவை, கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்துச் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைக்கப்பட்டபோது இப்பகுதி அதன்கீழ் வந்தது. 2022இல் இலட்சம் பேருக்கு 28.5 தற்கொலைகள் கேரளத்தில் பதிவாயின. நாட்டுச் சராசரி 12.4. இந்நிலையில் ஒரு பங்கு தன் மனநோயாளிக்கு என்ன செய்யவேண்டும்? செபமா, மருந்தா என்ற வழக்கமான விவாதம் இங்கே உதவாது. நோயாளியின் அருகில் யார் இருக்கிறார்கள் என்பதே முதற்கேள்வி.

இதற்கு ஒரு கோயில் சான்றாகிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை ரகுராமும் உடனாய்வாளர்களும் ஆராய்ந்து, 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினர். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறி அளவீடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தனிப்பட்ட குணமாக்கும் சடங்கு எதுவும் அங்கே நடக்கவில்லை. உறவினர் உடனிருந்தனர், கோயிலின் அன்றாட வேலைகளில் நோயாளிகளும் கலந்துகொண்டனர். அச்சுறுத்தாத, ஆதரவான அச்சூழலே பலனளித்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வுதான். ஆனாலும் 1957இல் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும், நோயாளியோடு குடும்பத்தார் தங்கும் முறையையே கைக்கொண்டது. வெவ்வேறு வழியில் வந்த இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன.

உறவு விலகினால் என்னவாகும் என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, அங்குள்ள தர்காவை நாடி வந்த மனநோயாளிகளை அடைத்துவைத்திருந்த தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் மாண்டனர். புனிதத் தலத்தின் அருகாமை அவர்களைக் காக்கவில்லை.

பங்குகளிடம் இதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது: சில பத்து வீடுகள் கூடிச் செபிக்கும் அன்பியம். யார் வீட்டில் மாத்திரை தீர்கிறது, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவ முகாமுக்கு யார் துணைபோவது, மகனைத் தனியே விட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்கும் போகமுடியாத தாய்க்குப் பதிலாக ஒரு பிற்பகல் யார் உட்காருவது என்பதெல்லாம் அண்டை வீட்டாருக்கே தெரியும். ‘பேய் பிடித்திருக்கிறது, மாத்திரையை நிறுத்து’ என்ற அறிவுரையைத் தடுக்க வேண்டியவர்களும் இவர்களே. செபக்கூட்டத்தில் யாரேனும் அப்படிச் சொன்னால் பங்குத்தந்தை அங்கேயே மறுக்கவேண்டும்.

துக்கவீட்டிலும் இப்பொறுப்பு உண்டு. தற்கொலை செய்துகொண்டவர் சாகுமுன் மனம் வருந்திய அறிகுறி இல்லையெனில், 1917 திருச்சபைச் சட்டம் அவருக்குக் கிறிஸ்தவ அடக்கத்தை மறுத்தது. 1983 சட்டம் அத்தடையைக் கைவிட்டது. ஊரின் வெட்கம் மட்டும் அத்தனை விரைவில் மாறுவதில்லை; அண்டை வீட்டார் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பிறகும் அன்பியத்தார் அந்த வீட்டுக்குள் போய் உட்காரட்டும்.