இலங்கைப் பள்ளிகளில் ரக்பி

இலங்கையில் ரக்பி ஆட்டத்தைத் தாங்கி நிற்பது பள்ளிக்கூடம். ஆட்டக்காரர் உருவாவது அங்கே. ரசிகர் உருவாவதும் அங்கேதான். கொழும்பிலும் கண்டியிலும் பெரிய பள்ளிகள் இரண்டு மோதும் நாளில் திரளும் கூட்டம், பல கிளப் ஆட்டங்களுக்குக் கூட வருவதில்லை. நாட்டு மக்களின் பேச்சில் 'ரகர்' எனப்படும் இந்த ஆட்டம் வெள்ளைக்காரர்களோடு வந்தது. அவர்கள் போன பிறகும் நிலைத்தது. நிலைக்க வைத்தவை பள்ளிகள்.

ஆட்டத்தின் அமைப்பு

பக்கத்துக்குப் பதினைந்து பேர், முட்டை வடிவப் பந்து. பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், முன்னோக்கி உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோ வரும் தோழனுக்குத்தான் கொடுக்க வேண்டும். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது 'ட்ரை'. அதற்கு இன்று 5 புள்ளி. 1992 வரை 4, அதற்கும் முன்பு 1971 வரை 3. ட்ரையைத் தொடரும் உதை கம்பங்களுக்கிடையே சென்றால் மேலும் 2 புள்ளி, தவறுக்குத் தண்டனையாகக் கிடைக்கும் உதைக்கு 3 புள்ளி. சிறு தவறுகளுக்குப் பின் இரு அணிகளிலும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் பிணைந்து, குனிந்து முட்டித் தள்ளுவார்கள், அது 'ஸ்க்ரம்'.

பந்து வைத்திருப்பவரை எதிரணியினர் பிடித்து வீழ்த்தலாம். தமிழ்நாட்டில் அய்யலூர், வடமதுரை பக்கத்துப் பள்ளி மைதானங்களில் கபடி ஆடிப் பழகிய பையனுக்குப் பிடி என்பது புதிதல்ல. ஆனால் கபடியில் பிடி விழுவது சிறு கட்டத்துக்குள். ரக்பியில் முழு வேகத்தில் ஓடி வருபவரைத் தோளால் மறித்து இடுப்பையும் தொடையையும் அணைத்து வீழ்த்த வேண்டும். தலையை எந்தப் பக்கம் வைப்பது, விழும்போது கழுத்தை எப்படிக் காப்பது, ஸ்க்ரத்தில் முதுகை எப்படி நேராக வைப்பது என்பவை உடம்பில் ஊறவேண்டிய பழக்கங்கள். இருபது வயதுக்கு மேல் முதன்முறையாகப் பந்தைத் தொடுபவருக்கு அவை எளிதில் வருவதில்லை. சிறு வயதிலேயே ஆண்டுக்கணக்கில், ஒரே இடத்தில், கண்காணிப்போடு பழக்கக்கூடிய அமைப்பு இந்த ஆட்டத்துக்கு வேண்டியிருக்கிறது. பள்ளி அத்தகைய அமைப்பு.

பிறந்ததும் பள்ளியில்

ரக்பி என்பதே இங்கிலாந்தில் உள்ள ஒரு ஊரின், அந்த ஊர்ப் பள்ளியின் பெயர். 1823-ல் அங்கே வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன் கால்பந்து ஆட்டத்தின் நடுவே பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியதாகச் சொல்லப்படும் கதைக்கு உறுதியான சான்று இல்லை. 1845-ல் அப்பள்ளி மாணவர்களே விதிகளை எழுதி வைத்தார்கள் என்பது உறுதி. படித்து வெளியேறியவர்கள் கிளப்புகள் தொடங்க, 1871-ல் லண்டனில் ரக்பி சங்கம் உருவானது. ராணுவத்திலும் வணிகத்திலும் தேயிலைத் தோட்டங்களிலும் வேலைக்குச் சேர்ந்த அவர்கள் போன நாடுகளுக்கெல்லாம் ஆட்டமும் போனது.

கல்கத்தாவும் கொழும்பும்

துணைக்கண்டத்தில் ரக்பி முதலில் வேர்விட முயன்ற இடம் கல்கத்தா. 1873-ல் அங்கே ரக்பி ஆடுவதற்கென்று தொடங்கிய கால்பந்து கிளப், ராணுவப் படைப்பிரிவு ஊர் மாறியதும் ஆளின்றித் தளர்ந்தது. போலோவும் டென்னிஸும் மிஞ்சியவர்களை இழுத்துக்கொண்டன. கிளப்பைக் கலைத்தபோது வங்கியில் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பை செய்து இங்கிலாந்துச் சங்கத்துக்கு அனுப்பினார்கள். நாகப்பாம்புக் கைப்பிடிகளும் யானை உருவமும் கொண்ட அந்தக் கல்கத்தா கோப்பைக்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதி வருகின்றன. கல்கத்தாவில் ரக்பி பின்னர் திரும்பி வந்தது. ஆயினும் சில கிளப்புகளையும் ஒன்றிரண்டு பள்ளிகளையும் தாண்டிப் பரவவில்லை.

கோப்பைக்கான முதல் ஆட்டம் நடந்த அதே 1879-ல் கொழும்பு கால்பந்து கிளப் தொடங்கியது. அங்கும் ஆடியவர்கள் வணிகக் கம்பெனிக்காரர்களும் சிப்பாய்களும் மலைநாட்டுத் தோட்டத் துரைமாரும்தான். திக்கோயா, திம்புள்ள, ஊவா பகுதிகளில் துரைமாரின் கிளப்புகள் எழுந்தன. 1908-ல் சிலோன் ரக்பி சங்கம் அமைந்தது. தொடக்கத்தில் கல்கத்தாவுக்கும் இலங்கைக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. வேறுபாட்டை உண்டாக்கியவை கண்டி நகரத்தின் இரண்டு பள்ளிகள்.

கண்டியில் தொடக்கம்

கண்டியில் 1891-ல் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் சிறு பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பறங்கியர் (ஐரோப்பிய வழிவந்த இலங்கையர்) சமூகத்தைச் சேர்ந்த அவர் கண்டி டிரினிட்டி கல்லூரி என்ற பள்ளியின் பழைய மாணவர். இந்தியாவிலும் ஆசிரியராக இருந்தவர். பின்னாளில் கிங்ஸ்வுட் கல்லூரி என்று பெயர் பெற்ற அப்பள்ளியில் அவர் மாணவர்களுக்கு ரக்பி பழக்கினார். இலங்கைப் பள்ளி ரக்பி அங்கிருந்து தொடங்குகிறது. கிளப்புகளில் வெள்ளைக்காரர் மட்டுமே ஆடிய காலத்தில், உள்ளூர்ச் சிறுவர்களின் கையில் பந்தைக் கொடுத்தவர் ஒரு பள்ளித் தலைமையாசிரியர்.

1906 ஆகஸ்ட் 11-ல் கண்டி போகம்பரை மைதானத்தில் கிங்ஸ்வுட்டும் டிரினிட்டியும் மோதின. பள்ளிகளுக்கிடையே நாட்டில் நடந்த முதல் ரக்பி ஆட்டம் அது. 6-6 என்று சமநிலையில் முடிந்தது. அப்போது டிரினிட்டியின் முதல்வர் ஏ. ஜி. பிரேசர். 1904 முதல் 1924 வரை பொறுப்பில் இருந்த அவர் காலத்தில் ரக்பி அக்கல்லூரியின் அடையாளமாகவே ஆனது. ஆனால் எதிர்த்து ஆட ஈடான பள்ளிகள் இல்லை. எனவே மாணவர்கள் துரைமாரின் கிளப் அணிகளோடு மோத வேண்டியிருந்தது. தம்மைவிட மூத்த, எடை கூடிய ஆட்களை எதிர்கொள்ள வேகமும் திறந்தவெளிப் பந்துப் பரிமாற்றமும்தான் அவர்களுக்குக் கைகொடுக்கக்கூடியவை.

1920-ல் கொழும்பு ரோயல் கல்லூரி டிரினிட்டிக்கு எதிராகக் களமிறங்கியது. தலைநகரின் முதன்மை அரசுப் பள்ளியும் மலைநாட்டின் முதன்மை மிஷன் பள்ளியும் எதிரெதிரே நின்றதால் ஆட்டத்துக்கு ஊர்ப் பெருமை சேர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கொழும்பு ஸாஹிரா கல்லூரியும் ரக்பிக்கு வந்தது. ரோயலில் ஆடி வெளியேறும் இளைஞர்களுக்கும் இடம் தேவைப்பட்டது. 1922-ல் இலங்கையருக்கென்று சிலோனீஸ் ரக்பி அண்ட் புட்பால் கிளப் (சி.ஆர். அண்ட் எப்.சி.) அமைந்தது அந்தத் தேவையின் வெளிப்பாடு. பள்ளி முதலில், கிளப் பிறகு என்ற வரிசை இங்கேதான் தொடங்குகிறது.

பிரட்பி கேடயம்

ரோயல் கல்லூரியின் முதல்வராக இருந்த இ. எல். பிரட்பி 1945-ல் ரோயல்–டிரினிட்டி ஆட்டத்துக்கென்று ஒரு கேடயத்தை வழங்கினார். கேடயம் ஒரே ஆட்டத்தில் முடிவாவதில்லை. கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று என இரண்டு ஆட்டங்கள். இரண்டிலும் எடுத்த மொத்தப் புள்ளிகளைக் கூட்டி வெற்றி தீர்மானிக்கப்படும். முதல் ஆட்டத்தில் தோற்ற அணியும் இரண்டாவதில் மீளலாம் என்பதால் இடைப்பட்ட நாட்கள் முழுதும் இரு பள்ளிகளும் அதே பேச்சில் இருக்கும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் இதற்கென்றே விடுப்பெடுத்து ஊர் திரும்புவது உண்டு.

பிரட்பி ஒரு முன்மாதிரியை உண்டாக்கியது. 1955-ல் ரோயலும் கல்கிசை புனித தோமையார் கல்லூரியும் ரக்பியில் மோதத் தொடங்கின. கிரிக்கெட்டில் இவ்விரு பள்ளிகளின் போட்டி 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே நடந்து வருவது. அதேபோல் மற்றப் பள்ளிகளும் ஆண்டுதோறும் மாறாத எதிரியையும் அதற்கென்று ஒரு கோப்பையையும் ஏற்படுத்திக்கொண்டன. தோற்ற ஆண்டை மறக்காத பள்ளி, அடுத்த ஆண்டுக்கான அணியை அன்றே திட்டமிடத் தொடங்கும். இந்தத் தொடர்ச்சிதான் ஆட்டத்தின் தரத்தை உயர்த்தியது.

அரசுப் பள்ளிகளுக்குப் பரவியது

1948-ல் நாடு விடுதலை பெற்ற பின் துரைமாரும் கம்பெனி வெள்ளையரும் படிப்படியாக வெளியேறினர். கல்கத்தாவில் நேர்ந்தது இங்கும் நேர்ந்திருக்கலாம். ஆனால் அதற்குள் பள்ளிகள் ஆட்டத்தை ஏற்றிருந்தன. புனித பீட்டர், புனித ஜோசப், வெஸ்லி ஆகிய கொழும்புக் கல்லூரிகளும் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியும் அணிகளைக் கட்டின. கண்டியின் பௌத்தப் பள்ளிகளான தர்மராஜ, வித்யார்த்த ஆகியவையும் சேர்ந்தன.

ரக்பிக்கு வந்த பள்ளிகளுள் கொழும்பு இசிபத்தன கல்லூரியின் கதை தனித்தது. 1952-ல் கிரீன்லாண்ட்ஸ் கல்லூரி என்ற பெயரில் தொடங்கிய அந்த அரசுப் பள்ளி 1960-களில் ரக்பிக்கு வந்தது. மிஷன் பள்ளியின் செல்வமோ நூறாண்டுப் பழமையோ இல்லாமல், பச்சைச் சட்டை அணிந்த அந்த அணி சில ஆண்டுகளிலேயே பெரிய பள்ளிகளை வீழ்த்தத் தொடங்கியது. ஆங்கிலம் பேசும் மேல்தட்டின் ஆட்டம் என்ற பெயர் மாறியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஆட்டக்காரர் உருவாகும் வழி

சிறுவன் பத்துப் பன்னிரண்டு வயதில் பள்ளியின் இளையோர் அணிக்குள் வருகிறான். வயதுவாரியாக அணிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பயிற்சியாளரும் போட்டிகளும் உண்டு. பள்ளிக்குள் இல்லங்களுக்கிடையேயான ஆட்டம், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் எழுவர் ஆட்டம், பிறகு முதல் அணி என்று ஏணி நீள்கிறது. பருவம் முழுதும் நடக்கும் பள்ளிகள் லீக், கிட்டத்தட்ட வாரந்தோறும் கடுமையான ஓர் ஆட்டத்தைத் தருகிறது. பதினெட்டு வயதுக்குள் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் நெருக்கடியில் ஆடிய பழக்கம் கிடைத்துவிடுகிறது.

ஊக்கத்துக்கும் முறை வைத்திருக்கிறார்கள். சிறந்தவர்களுக்குப் பள்ளி 'வர்ணம்' வழங்கும். டிரினிட்டியில் அதற்கும் மேலாக 'சிங்கம்' என்ற விருது உண்டு. மிகச் சிலருக்கே கிடைக்கும் அதைப் பெற்றவர்கள் ஆயுள் முழுதும் அந்தப் பெருமையோடு அறியப்படுகிறார்கள். பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் பழைய மாணவர்கள். மைதானம், உணவு, சிகிச்சை, பயணம் ஆகியவற்றுக்குப் பழைய மாணவர் சங்கங்கள் பணம் திரட்டுகின்றன. பள்ளியை விட்ட பின் கிளப்புகள் அழைக்கும். காவல்துறையும் முப்படைகளும் நல்ல ஆட்டக்காரருக்கு வேலையோடு இடம் தருகின்றன.

இதன் விளைவு தேசிய அணியில் தெரியும். 1950-ல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணி ஊர் திரும்பும் வழியில் கொழும்பில் ஆடியது. 44-6 என்று வென்றது. சிலோன் அணியில் அன்று இடம்பெற்றவர்களில் ஒருவர் 'சும்மா' நவரத்தினம். ரோயல் கல்லூரியில் படித்த தமிழர், ஆசிய அளவில் பேசப்பட்ட குறுந்தூர ஓட்டக்காரர். 1974-ல் கொழும்பில் நடந்த ஆசிய ரக்பிப் போட்டியில் இலங்கை, ஜப்பானுக்கு அடுத்து இரண்டாமிடம் பெற்றது. பிற்காலத் தேசியத் தலைவர்களில் பாசில் மரிஜா கிங்ஸ்வுட் வளர்த்தவர்.

எல்லைகள்

பலம் எங்கிருக்கிறதோ, குறையும் அங்கேதான். ஆட்டம் பெரும்பாலும் கொழும்பு, கண்டி வட்டாரங்களின் பள்ளிகளுக்குள் அடங்கியிருக்கிறது. வடக்கின் தமிழ்ப் பள்ளிகள் கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் வேரூன்றின; ரக்பி அங்கே பிந்தித்தான் எட்டிப் பார்த்தது. மலைநாட்டிலோ, துரைமார் ரக்பி ஆடிய தோட்டங்களில் உழைத்தவர்கள் மதுரை, திருச்சி ஜில்லாக்களின் வறண்ட கிராமங்களிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் சென்றவர்கள். லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தோட்டப் பள்ளியில் சில வகுப்புகளே கிடைத்தன. அந்தப் பள்ளிகளில் மைதானமும் இல்லை, ஆட்டமும் இல்லை. பள்ளி வழியாகவே வளரும் ஆட்டம், நல்ல பள்ளி வாய்க்காதவரை வெளியே நிறுத்திவிடும்.

வெற்றி வெறியும் கூடியது. சாதாரண தர (ஓ.எல்.) பொதுத் தேர்வு முடிந்ததும் திறமையுள்ள மாணவனைச் சலுகை காட்டி வேறு பள்ளிக்கு இழுப்பது நடக்கிறது. அவனை வளர்த்த சிறு பள்ளி வெறுங்கையோடு நிற்கிறது. ஆட்டம் முடிந்ததும் ஆதரவாளர்கள் மோதிக்கொள்வதும் நடுவர்களைத் தாக்குவதும் தண்டனையில் முடிந்திருக்கின்றன. பள்ளியில் புகழின் உச்சியில் இருந்த பலர், படிப்பும் வேலையும் அழைக்க, இருபது வயதுக்குள் ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள். கிளப்பில் அந்தக் கூட்டமும் ஆரவாரமும் இல்லை என்பதும் ஒரு காரணம். வலுவான அடித்தளம் இருந்தும் ஆசியாவின் முதல் வரிசையில் இலங்கை நிலையாக நிற்க முடியாததற்கு இந்த இழப்பு முக்கியக் காரணம்.

இந்தியாவில்

இந்தியாவில் பள்ளி வழியை அண்மைக்காலத்தில் நிறுவிக் காட்டியது ஒடிசா. புவனேசுவரத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தின் உறைவிடப் பள்ளி மாணவர்கள், 2007-ல் லண்டனில் நடந்த 14 வயதுக்குட்பட்ட பள்ளிகளுக்கான பன்னாட்டுப் போட்டியில் கோப்பை வென்றார்கள். அதே நிறுவனத்திலிருந்து சுமித்ரா நாயக் போன்ற பெண்கள் இந்திய அணிக்கு வந்தார்கள். விடுதி, உணவு, படிப்பு, மைதானம் ஆகிய நான்கும் ஒரே வளாகத்தில் அமைந்தது இதற்கு அடிப்படை. இலங்கையின் மேல்தட்டுப் பள்ளிகளுக்கு இருந்த வசதியை இங்கே எளிய வீட்டுப் பிள்ளைகள் பெற்றார்கள்.

தமிழ்நாட்டில் ரக்பி பெரும்பாலும் சென்னையின் கிளப்புகளைச் சார்ந்தே இருந்து வந்திருக்கிறது. 2025-ல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் அணி வென்றது. ஆனால் அந்த லீக்கின் அணிகளில் வெளிநாட்டுக்காரர்களின் பங்கு பெரிது. பணம் இருந்தால் லீக்கை ஒரே ஆண்டில் அமைத்துவிடலாம். ஆட்டக்காரரை உருவாக்கப் பத்தாண்டுப் பள்ளிப் பயிற்சி வேண்டும். 1891-ல் கண்டியில் தொடங்கியது அந்தப் பயிற்சிதான்.