தராசுக்கு முன் ஜாக்கி: எடை விதிகளும் தண்டனைகளும், 1665–2022

1750 வாக்கில் இங்கிலாந்தில் உருவான ஜாக்கி கிளப் பிறப்பித்த ஆணைகளில், இன்று நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழையது 1758-ஐச் சேர்ந்தது. நியூமார்க்கெட்டில் ஓட்டம் முடித்து வரும் சவாரிக்காரர் ஒவ்வொருவரும் எடைபோட வர வேண்டும், தவறினால் தண்டனை உண்டு என்பதே அதன் சாரம். பிற்காலத்தில் பந்தய உலகின் நீதிமன்றம்போல் நடந்துகொண்ட இந்த அமைப்பு முதலில் கவனித்தது சூதாட்டத்தையோ குதிரைக்கு மருந்து கொடுப்பதையோ அல்ல, தராசைத்தான்.

எடை விதி மீறலுக்கான தண்டனை முதலில் குதிரைக்காரரின் சொத்தைத் தொட்டது. பிறகு ஜாக்கியின் பிழைப்பைத் தொட்டது. அந்த விதி ஜாக்கியின் உடலை என்ன செய்கிறது என்ற கேள்வியோ மிகத் தாமதமாகவே எழுந்தது. இந்த வரிசை தற்செயலானதல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரண்டாம் சார்லஸ் மன்னர் 1665-இல் நியூமார்க்கெட்டில் ஏற்படுத்திய டவுன் பிளேட் பந்தயத்தில் குதிரை சுமக்க வேண்டிய எடை 12 ஸ்டோன், அதாவது சுமார் 76 கிலோ. ஓடி முடித்த பிறகு அந்த எடை குறைந்திருந்தால் பரிசு கிடையாது. ஜாக்கிக்கென்று தனித் தண்டனை இல்லை. 1740-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஐந்து வயதுக் குதிரைக்கு 10 ஸ்டோன், ஆறு வயதுக்கு 11, ஏழு வயதுக்கு 12 என்று வரையறுத்தது. மீறியவர் குதிரையையே இழக்கவும் அபராதம் கட்டவும் நேர்ந்தது. எடை பற்றிய அந்தப் பகுதி ஐந்தே ஆண்டுகளில் கைவிடப்பட்டது. அரசு விலகிக்கொண்ட இடத்தில்தான் கிளப் வந்து அமர்ந்தது.

ஓட்டத்துக்கு முன் போடும் எடையைவிடப் பின் போடும் எடை ஏன் அவ்வளவு முக்கியமானது? எடையை நிரப்பும் ஈயக்கட்டிகளோடு எடை காட்டிவிட்டுப் போகிறவர் அவற்றை வழியில் கழற்றிப் போடலாம். ஓடி முடித்துத் திரும்பும்போது கூட்டத்தில் நிற்கும் கூட்டாளி ஒருவர் மீண்டும் கையில் திணித்துவிடலாம். இந்த ஓட்டையை அடைக்கவே, வெளியாளுக்கு விசித்திரமாகத் தோன்றும் ஒரு விதி பிறந்தது. ஜாக்கி குதிரைமேல் இருந்தபடியே உரிய இடத்துக்கு வந்துதான் இறங்க வேண்டும். அதற்கு முன்பே இறங்கினாலும், தன் சாமான் தவிர வேறு பொருளையோ ஆளையோ வேண்டுமென்றே தொட்டாலும் குதிரை தகுதியிழக்கும். விபத்தில் அடிபட்டவருக்கு விலக்கு உண்டு. சேணத்தைக் கையில் ஏந்தி நேராகத் தராசுக்கு நடக்கும் ஜாக்கியின் நடை இந்தச் சந்தேகத்தின் மரபு.

19-ஆம் நூற்றாண்டில் ஹேண்டிகேப் முறை ஓங்கியதும் பவுண்டு ஒவ்வொன்றுக்கும் விலை ஏறியது. நல்ல குதிரைக்குக் கூடுதல் சுமை, சாதாரணக் குதிரைக்குக் குறைந்த சுமை என்று வாய்ப்பைச் சமப்படுத்தும் இம்முறையை 1855 முதல் பொது ஹேண்டிகேப்பராகச் செப்பனிட்டவர் அட்மிரல் ரூஸ். ஒரு மைல் ஓட்டத்தில் ஏறக்குறைய இரண்டு பவுண்டு ஒரு குதிரை நீளத்துக்குச் சமம் என்பது ஹேண்டிகேப்பர்களின் பொதுக் கணக்கு. சுமை இறங்க இறங்கச் சிறுவர்கள் சேணத்தில் ஏற்றப்பட்டார்கள். 1844 செஸ்டர் கோப்பையை வென்ற ரெட் டீர் சுமந்தது வெறும் நான்கு ஸ்டோன். அதன்மேல் இருந்தவன் ஒரு சிறுவன். ஏழு ஸ்டோனுக்குக் கீழே பந்தயமே கூடாது என்று 1860-இல் ரெடெஸ்டேல் பிரபு கொண்டுவந்த மசோதாவை ரூஸ் எதிர்த்தார், அது சட்டமாகவில்லை. ரூஸின் நேர்மையை யாரும் மறுக்க முடியாது. ஆனாலும் அந்த எதிர்ப்பு அவர் செய்த பெரும் தவறு என்றே கருதுகிறேன். தராசு சரியாக இருந்தால் போதும் என்று அவர் நம்பினார். தராசில் ஏறுகிறவரைப் பற்றி அவர் போதுமான அளவு யோசிக்கவில்லை.

அதன் விலையைக் கொடுத்தவர் ஜாக்கி பிரெட் ஆர்ச்சர். பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சாம்பியன், 2,748 வெற்றிகள். ஐந்தரை அடிக்கும் மேற்பட்ட உயரத்தோடு பட்டினியாலும் பேதி மருந்தாலும் உடலை வற்றவைத்தே அவர் சவாரி செய்தார். 1886 கேம்பிரிட்ஜ்ஷயர் பந்தயத்தில் செயின்ட் மிரின் என்ற குதிரைக்கு விதித்த எடைக்கு இறங்க எவ்வளவோ முயன்றும் ஒரு பவுண்டு மிச்சமாகி, 8 ஸ்டோன் 7 பவுண்டில் ஏறினார். தலையளவு இடைவெளியில் தோற்றார். மேலே சொன்ன கணக்குப்படி அந்த ஒரு பவுண்டு அரை நீளம். தோல்வி அதைவிடக் குறைந்த தூரம். இரண்டு வாரத்துக்குள், காய்ச்சலிலும் மனைவியை இழந்த துயரிலும் உழன்ற அவர், 29 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆர்ச்சர் விதி எதையும் மீறவில்லை. எடை கூடியதை ஒளிக்கவும் இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஓட்டத்துக்குப் பின் எடை குறைந்தால் அது போட்டியாளருக்கு இழைத்த அநீதி. ஒரு பவுண்டு அளவுக்கு விட்டுக்கொடுத்து, அதற்கும் கீழே போனால் குதிரை தகுதியிழக்கும். எடை கூடினால் நட்டம் பெரும்பாலும் சொந்தக் குதிரைக்கும் அதன்மேல் பணம் கட்டியவருக்கும்தான். முன்கூட்டி அறிவித்தால் ஓரளவு வரை அனுமதி உண்டு. அறிவிக்கத் தயங்கும் ஜாக்கி அடுத்த சவாரியை இழக்க அஞ்சுகிறார். எடைபோடும்போது மட்டும் மாட்டிக்கொள்ளும் மெல்லிய பூட்ஸ் போன்ற தந்திரங்கள் இந்த அச்சத்தில் பிறந்தவை. முதலாவது ஏமாற்று ஆதாயத்துக்கு, இரண்டாவது பிழைப்புக்கு. பந்தயத்தைக் கண்காணிக்கும் ஸ்டூவர்டுகளோ இரண்டையும் நெடுங்காலம் ஒரே அபராதப் புத்தகத்தில்தான் எழுதிவந்தனர்.

தராசை வாசிப்பவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறியதுண்டு. ஜாக்கிகளின் கூடுதல் எடையைக் குறைத்துப் பதிந்ததாக 2005-இல் நியூயார்க்கில் எடை அறை அதிகாரிகள் இருவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது; 2007-இல் குற்றச்சாட்டுகள் தள்ளுபடியாயின. பதிவேட்டின் நம்பகம் நம் ஊருக்கும் தொலைவான விஷயமல்ல. அப்போது கிண்டியில் நடந்த குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1996-இல் கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிந்த எடை பொய்யானால், குதிரையின் திறனையும் ஜாக்கியின் திறனையும் கணித்துப் பணம் கட்டுவதற்கு அர்த்தமே இருக்காது.

மாற்றம் அண்மையில்தான் வந்தது. கொரோனாவால் 2020-இல் மூடப்பட்ட பிரிட்டிஷ் பந்தயத் திடல்களின் நீராவி அறைகள் மறுபடி திறக்கப்படவில்லை. 2021-இல் அது நிரந்தரத் தடையானது. 2022-இல் தட்டையோட்டப் பந்தயங்களின் குறைந்தபட்ச எடை இரண்டு பவுண்டு உயர்ந்து 8 ஸ்டோன் 2 பவுண்டு ஆயிற்று. பாதுகாப்பு அங்கிக்கென எடையில் தனிக் கழிவும் உண்டு. எனினும் வீட்டில் கொதிக்கும் வெந்நீர்த் தொட்டியில் கிடந்து வியர்த்துவிட்டு வருகிறவரை எந்த விதியும் எட்டவில்லை. ஆகவே எடைக்கு இறங்க முடியாத ஜாக்கிக்கு அபராதச் சீட்டு எழுதுவதைவிட, மருத்துவச் சோதனைக்கு அனுப்பி, அவர் உடலுக்கு ஏற்ற எடையை நிர்ணயித்து, அதற்குக் கீழே அவரைச் சவாரிக்கு அழைக்கும் பயிற்சியாளரிடம் ஸ்டூவர்டுகள் விளக்கம் கேட்பதே நியாயம்.