அக்கி எழுதிய கையும் ஊசி ஏந்திய கையும்

உடலின் ஒரு பக்கத்தில், பெரும்பாலும் மார்பைச் சுற்றியோ இடுப்பைச் சுற்றியோ, கச்சை கட்டினாற்போலக் கொப்புளங்கள் எழும்பி, தீயை அள்ளிக் கொட்டியதுபோல் எரிக்கும் நோயைத் தமிழர் அக்கி என்று வழங்கினர். கிரேக்கர் இதனைக் கச்சை எனப் பொருள்படும் 'சோஸ்டர்' என்னும் சொல்லால் குறித்தனர். ஆங்கிலேயர் கூறும் 'ஷிங்கிள்ஸ்' என்பதும் கச்சையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்ததே. மலாய்க்காரர் இதனைக் 'காயாப்' என்பர். மலேசிய, சிங்கப்பூர்ச் சீனரோ பாம்பு என்றே அழைப்பர். அப்பாம்பின் தலையும் வாலும் ஒன்றையொன்று தொட்டுவிடின் நோயாளி பிழையார் என்பது அவர்தம் நெடுநாள் அச்சம்.

தமிழகத்துச் சிற்றூர்களில் அக்கி கண்டவரைக் குயவர் வீட்டுக்கு அழைத்துச் செல்வர். அவர் காவியைக் குழைத்துக் கொப்புளங்களின் மீதும் சுற்றிலும் கோடுகளும் உருவங்களும் வரைவார். 'அக்கி எழுதுதல்' என்பது அதற்குப் பெயர். எழுதிய சில நாட்களில் கொப்புளங்கள் காயத் தொடங்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பொருக்கு உதிர்ந்துவிடும். எழுதாவிடினும் அவ்வாறே உதிரும் என்பதைப் பின்னாளில் மருத்துவம் கண்டது. ஆயினும் அக்குயவரை இகழ்வது முறையன்று. அன்றைய ஐரோப்பிய மருத்துவரின் பையிலும் இந்நோய்க்குரிய மருந்து ஒன்றும் இருந்ததில்லை. வலி குறையும் என்ற நம்பிக்கையையேனும் குயவர் அளித்தார்.

இந்நோயின் வேரைக் கண்டறிந்த வரலாறு விரைந்து நடந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புடாபெஸ்ட் நகரத்து மருத்துவர் போக்காய், அக்கி கண்ட முதியவர் இருக்கும் வீட்டில் சின்னஞ்சிறாருக்குச் சின்னம்மை வருவதைக் கண்டு, இரண்டும் ஒன்றோ என ஐயுற்றார். 1925ஆம் ஆண்டில் குண்ட்ராடிட்ஸ் என்பார் அக்கிக் கொப்புளத்து நீரை எடுத்துக் குழந்தைகளின் உடலில் செலுத்தினார்; அவர்களுக்குச் சின்னம்மை தோன்றியது. இன்று எந்த நாட்டுச் சட்டமும் இத்தகைய சோதனைக்கு இடந்தராது. அறிவியலின் பெருமையைப் பாடுவோர் இப்பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிடுவதுண்டு. பின்னர், போலியோ நச்சுயிரியை வளர்த்துக் காட்டியமைக்காக 1954இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட தாமஸ் வெல்லர், இரு நோய்களுக்கும் காரணம் ஒரே நச்சுயிரியே என்று 1950களில் ஆய்வகத்தில் நிறுவினார்.

ஆனால் ஒரு வினா எஞ்சி நின்றது. சிறுவயதில் வந்து நீங்கிய சின்னம்மை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அக்கியாகத் திரும்புவது எங்ஙனம்? இதற்கு விடை தந்தவர் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்னும் சிற்றூரில் குடும்ப மருத்துவராகத் தொண்டாற்றிய எட்கர் ஹோப் சிம்ப்சன் என்பவரே அவர். தம்மிடம் வரும் நோயாளர் ஒவ்வொருவரையும் ஏட்டில் பதிந்து, 16 ஆண்டுகள் பொறுமையோடு கணக்கெடுத்தார். ஏறத்தாழ 3,500 பேர் கொண்ட அவ்வட்டாரத்தில் 192 அக்கி நோயாளரைக் கண்டார். பத்து வயதுக்குட்பட்டோரில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வந்த நோய், எண்பது வயதைக் கடந்தோரில் ஆயிரத்தில் பத்துப் பேருக்கு வந்தது. 1965இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் கருத்து இது: சின்னம்மை நீங்கிய பின்னும் அதன் நச்சுயிரி உடலை விட்டு அகலுவதில்லை; முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் உறங்குகிறது; முதுமையில் உடலின் எதிர்ப்பாற்றல் தளர்ந்ததும் விழித்தெழுந்து, நரம்பின் வழியே தோலை வந்தடைகிறது. நரம்பு முடிச்சுகளில் அந்நச்சுயிரியின் மரபுப் பொருள் உள்ளதை 1983இல் பிற ஆய்வாளர் கண்டு காட்டினர்.

சீனர் அஞ்சிய பாம்பின் மறைவும் இதனால் வெளிப்பட்டது. ஒவ்வொரு நரம்பு முடிச்சும் உடலின் ஒரு பாதியை மட்டுமே ஆள்வது. ஆதலின் ஒரு முடிச்சிலிருந்து கிளம்பும் அக்கி நடுக்கோட்டைத் தாண்டுவது அரிது. தலையும் வாலும் தொடாமல் நின்றது மந்திரத்தாலோ காவியாலோ அன்று, உடலின் அமைப்பினால்.

இதற்கிடையே, ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தக்காஹாஷி அமெரிக்காவில் ஆய்வு செய்துகொண்டிருந்த 1964இல், அவருடைய சிறு மகனைச் சின்னம்மை கடுமையாகத் தாக்கியது. அவர் நாடு திரும்பி, ஓக்கா என்னும் குடும்பப் பெயருடைய குழந்தையிடமிருந்து நச்சுயிரியைப் பெற்று, அதனை மீண்டும் மீண்டும் உயிரணுக்களில் வளர்த்து வலுவிழக்கச் செய்தார். 1974இல் அவர் அறிவித்த சின்னம்மைத் தடுப்பூசியை ஜப்பான் 1986இலும் அமெரிக்கா 1995இலும் ஏற்றன. அதே ஓக்கா நச்சுயிரியை ஏறத்தாழ 14 மடங்கு வீரியமாக்கி முதியோருக்குச் செலுத்தினால் என்ன என்ற எண்ணம் அடுத்து எழுந்தது. 60 வயதைக் கடந்த 38,546 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2005இல் வெளியாயிற்று. அக்கி கண்டோர் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2006இல் 'சோஸ்டாவாக்ஸ்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அதன் காப்பு ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்தது. உயிருள்ள நச்சுயிரியால் ஆனமையின், அக்கியால் மிகுதியும் துன்புறும் எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கே அதைப் போட இயலாதிருந்தது. 2020இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலகியது.

அதன் இடத்தைப் பிடித்த 'ஷிங்ரிக்ஸ்' 2017இல் அமெரிக்காவின் ஒப்புதலைப் பெற்றது. இதில் உயிருள்ள நச்சுயிரி இல்லை. அதன் மேலுறையிலுள்ள ஒரு புரதமும், எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்பும் துணைப்பொருளுமே உள்ளன. அத்துணைப்பொருளின் ஒரு கூறு சிலி நாட்டுச் சோப்புமரத்தின் பட்டையிலிருந்து வருவது. மரப்பட்டையை அரைத்த பாட்டி வைத்தியத்தை எள்ளுவோர் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்! 50 வயதைக் கடந்தோரில் 97 விழுக்காடும், 70ஐக் கடந்தோரில் ஏறத்தாழ 90 விழுக்காடும் அக்கியைத் தடுத்ததாக ஆய்வுகள் காட்டின.

அவ்வாறாயின் முதியோர் தயங்குவது ஏன்? தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஊசி போட்ட கை நோகும். காய்ச்சலும் உடல்வலியும் சோர்வும் இரண்டு மூன்று நாள் நீடிக்கும். ஆறு பேரில் ஒருவர் அன்றாட வேலையைச் செய்ய முடியாத அளவுக்கு வருந்துவதுண்டு. கில்லன் பாரே எனப்படும் நரம்புத் தளர்ச்சி நோய், 65 வயதுக்கு மேற்பட்டோரிடம் பத்து இலட்சம் ஊசிகளுக்கு மூன்று என்ற அளவில் கூடுதலாகக் காணப்படலாம் என்று அமெரிக்க அரசு 2021இல் எச்சரித்தது. விலையும் ஓய்வூதியத்தில் வாழ்வோருக்குச் சிறிதன்று.

தராசின் மறுதட்டில் இருப்பது என்ன? அமெரிக்கக் கணக்கின்படி மூவரில் ஒருவர் தம் வாழ்நாளில் அக்கியைக் காண்கிறார். அவ்வாறு கண்டோரில் நூற்றுக்குப் பத்து முதல் பதினெட்டுப் பேருக்குக் கொப்புளம் ஆறிய பின்னும் நரம்பு வலி நிற்பதில்லை. மெல்லிய துணி பட்டாலும் பொறுக்க இயலாத அவ்வலி மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள், தொடரும். கண்ணருகே வந்தால் பார்வையே பறிபோகலாம். வந்தபின் உண்ணும் அசைக்ளோவிர் போன்ற மருந்துகள் உண்டு. ஆனால் அவற்றைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குதல் வேண்டும். பூச்சிக்கடி என்றோ சூடு என்றோ எண்ணி, எண்ணெய் தடவிக் காத்திருக்கும் முதியவர் அந்நேரத்தை எளிதில் இழந்துவிடுவார். மூன்று நாள் காய்ச்சலையும் மூன்றாண்டு எரிச்சலையும் ஒரே எடையாகக் கருதுதல் கணக்காகாது.

அண்மையில் எதிர்பாராத செய்தி ஒன்றும் வந்தது. வேல்ஸ் நாட்டில் 2013இல் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2க்கு முன் பிறந்தோருக்கு உரிமை இல்லை. அந்நாளிலும் அதன் பின்னும் பிறந்தோருக்கு உண்டு. ஒரு வார இடைவெளியில் பிறந்தவர்களிடையே வேறு என்ன பேதம் இருக்க இயலும்? இவ்விரு சாராரையும் ஒப்பிட்ட ஆய்வு 2025இல் வெளியாயிற்று. பழைய தடுப்பூசியைப் பெற்றோரிடையே ஏழாண்டுகளில் மறதிநோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெண்களிடம் இப்பயன் மிகுதி. இதன் காரணம் இன்னும் தெளியவில்லை. இதனை மட்டும் நம்பி ஊசி போட்டுக்கொள்ள ஓடுவது அவசரம், புறக்கணிப்பதும் அறிவுடைமையன்று.

சிங்கப்பூர் அரசு 2025 செப்டம்பர் முதல் ஷிங்ரிக்சைப் பெரியோருக்கான தேசியத் தடுப்பூசி அட்டவணையில் சேர்த்தது. 60 வயதைக் கடந்த குடிமக்கள் உதவித்தொகை பெறவும் மெடிசேவ் சேமிப்பைப் பயன்படுத்தவும் வழி பிறந்தது. முன்பு அக்கி வந்து நீங்கியவரும், பழைய ஊசியைப் போட்டுக்கொண்டவரும்கூட இதனைப் பெறலாம். சின்னம்மை வந்ததா என்பது நினைவில் இல்லாத முதியவரும் அதற்கெனச் சோதனை செய்ய வேண்டுவதில்லை. அக்கி உடலில் இருக்கும்போதும், காய்ச்சல் கண்டிருக்கும்போதும் மட்டும் பொறுத்திருத்தல் வேண்டும். ஊசிகள் இரண்டு, அவற்றின் இடைவெளி இரண்டு முதல் ஆறு மாதம். முதல் ஊசியின் காய்ச்சலுக்கு அஞ்சி இரண்டாவதைக் கைவிடுவோர் இருக்கக்கூடும். ஆய்வுகள் கண்ட காப்பு இரண்டையும் பெற்றவர்க்கு உரியது.