சென்னையில் ஒரு வீடு, லண்டனில் ஒரு வீடு

லண்டனில் வேலை பார்க்கும் ஒருவருக்குச் சென்னை வளசரவாக்கத்தில் ஃபிளாட் இருக்கிறது. சென்னையிலேயே குடியிருக்கும் இன்னொருவருக்கு லண்டன் ஹாரோவில் வீடு இருக்கிறது. வீடு இருக்கும் நாட்டில் இருவருமே வசிப்பதில்லை. இரண்டு நாட்டு வரிச் சட்டங்களுக்கும் இவர்களைப் பற்றி உள்ள கவலை ஒன்றுதான்: ஆள் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறார், வரியை எப்படி வாங்குவது? இப்படிப்பட்டவர்கள் ஆடிட்டரிடம் முதலில் கேட்பது "எத்தனை சதவீதம்?" என்றுதான். அவர்களை உண்மையில் வாட்டுவது வேறொன்று. கணக்கு முடியும் வரை பணம் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் இரு நாடுகளும் பிரிகின்றன.

பூட்டிக் கிடக்கும் வீட்டில் பெரிய சிக்கல் இல்லை. இந்தியாவில் இரண்டு வீடுகள் வரை வாடகை மதிப்பு பூஜ்யம். உரிமையாளர் ஏன் அங்கே குடியிருக்கவில்லை என்று இப்போது காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது வீடு இருந்தால்தான் வராத வாடகைக்கும் வரி வரும். சொந்த வீட்டுக்குக் கற்பனை வாடகை போட்டு வரி வாங்கும் முறையை பிரிட்டன் 1963லேயே கைவிட்டது. உள்ளூர்ச் செலவு தனி. சென்னை மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி. லண்டனில் கவுன்சில் டாக்ஸ். யாரும் நிரந்தரமாகக் குடியிராத, தட்டுமுட்டுச் சாமான்கள் போட்ட இரண்டாவது வீடு என்றால் 2025 ஏப்ரல் முதல் கவுன்சில் அதை இரட்டிப்பாக்கலாம்.

வாடகைக்கு விட்டதும் வேறுபாடு தெரிகிறது. வளசரவாக்கம் வீட்டுக்கு மாதம் 30,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் உள்ளூர்க்காரராக இருந்தால், இந்தத் தொகைக்குக் குடித்தனக்காரர் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. உரிமையாளர் லண்டனில் இருந்தால் முதல் ரூபாயிலிருந்தே 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். ஆண்டு வாடகை 3,60,000 ரூபாய். பிடித்தம் 1,12,320 ரூபாய். சட்டம் பராமரிப்புக்காகத் தரும் 30 சதவீதக் கழிவு போக மிஞ்சுவது 2,52,000 ரூபாய். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. வேறு இந்திய வருமானம் இல்லாதவருக்கு உண்மையான வரி பூஜ்யம்தான். இருந்தாலும் ஒரு லட்சத்துக்கு மேல் அரசிடம் போய், ரிட்டர்ன் போட்ட பிறகு திரும்பி வருகிறது. பிடிக்கத் தவறினால் மாட்டிக்கொள்பவர் குடித்தனக்காரர். மாதச் சம்பளத்தில் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் குடும்பத்தின் தலையில் வருமான வரித் துறையின் வேலையைச் சுமத்துவது நியாயமே இல்லை. அது தங்கள் பொறுப்பு என்றுகூட அவர்களில் பலருக்குத் தெரியாது.

ஹாரோ வீட்டிலும் பிடித்தம் உண்டு. வீட்டை நிர்வகிக்கும் ஏஜென்ட் செலவு போக மீதியில் 20 சதவீதம் பிடிக்கிறார். ஏஜென்ட் இல்லை, வாரம் 100 பவுண்டுக்கு மேல் வாடகை என்றால் குடியிருப்பவரே பிடிக்க வேண்டும். ஆனால் பிரிட்டன் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வரிக் கணக்கை ஒழுங்காக வைத்திருக்கும் உரிமையாளர் வரித் துறையான ஹெச்.எம்.ஆர்.சி.க்கு விண்ணப்பித்தால் முழு வாடகையையும் பிடித்தமில்லாமல் பெறலாம். வரி தள்ளுபடி ஆவதில்லை. ஆண்டு முடிந்ததும் அவரே கணக்குக் கொடுத்துக் கட்டுகிறார். இந்தியாவிலும் குறைந்த பிடித்தத்துக்குச் சான்றிதழ் கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகக் கேட்க வேண்டும்.

விற்கும்போதுதான் இந்திய முறையின் கடுமை முழுதாகத் தெரியும். அதே ஃபிளாட்டை 2012-13ல் 55 லட்சத்துக்கு வாங்கி, 2024 செப்டம்பரில் 95 லட்சத்துக்கு விற்றதாகக் கொள்வோம். லாபம் 40 லட்சம். 12.5 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்த்து 5,20,000 ரூபாய். சட்டப்படி வரிக்குரிய தொகைக்குத்தான் பிடித்தம் என்றாலும், விற்பவரின் லாபம் எவ்வளவு என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? அவர் பயந்துகொண்டு முழு விலைக்கும் பிடிக்கிறார். சர்சார்ஜும் சேர்ந்தால் 14.3 சதவீதம், அதாவது 13,58,500 ரூபாய். கட்ட வேண்டியதைவிட எட்டு லட்சத்துக்கும் மேல் கூடுதல். முன்கூட்டியே சான்றிதழ் வாங்கினால் இதைத் தவிர்க்கலாம். அதற்கு வாரக்கணக்கில் ஆகும்போது, வங்கிக் கடனோடு பத்திரப் பதிவுக்குத் தயாராக நிற்பவர் அதுவரை காத்திருக்க மாட்டார். உள்ளூர்க்காரர் விற்றிருந்தால் பிடித்தம் 1 சதவீதம், 95,000 ரூபாய்.

இதைவிட வலிப்பது இன்னொன்று. 2024 பட்ஜெட், பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிடும் இண்டெக்சேஷனை எடுத்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும், 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு, மனைகளுக்குப் பழைய 20 சதவீத முறையையும் தேர்ந்தெடுக்கலாம் என்று சலுகை தந்தார்கள். அது இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். பழைய முறைப்படி மேலே சொன்ன 55 லட்சம் 99.8 லட்சமாக உயரும். லாபமே இல்லை, வரியும் இல்லை. ஒரே மாடியில் எதிரெதிர் ஃபிளாட்டை ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் விற்ற இருவரில் ஒருவருக்கு வரி பூஜ்யம், மற்றவருக்கு 5,20,000. வாங்கிய நாளில் அவரும் இங்கேதான் குடியிருந்திருக்கலாம். பணவீக்கம் அவருடைய பணத்தை மட்டும் விட்டுவைத்ததா என்ன? இந்த வேறுபாட்டுக்கு ஒப்புக்கொள்ளும்படியான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

வெளிநாட்டுக்காரர் லண்டன் வீட்டை விற்றால் 2015 ஏப்ரல் 6 வரை பிரிட்டனில் மூலதன ஆதாய வரியே இல்லை. அன்று வரியைக் கொண்டுவந்தபோது, அன்றைய சந்தை மதிப்பையே அடக்க விலையாகக் கொள்ள அனுமதித்தார்கள். அதற்கு முன் ஏறிய விலைக்கு வரி இல்லை. வரி 18 அல்லது 24 சதவீதம், இந்தியாவைவிட அதிகம்தான். ஆனால் விற்பனையில் பிடித்தம் கிடையாது. சொலிசிட்டர் மூலம் முழு விலையும் கைக்கு வருகிறது. பத்திரம் முடிந்த 60 நாளுக்குள் உரிமையாளர் கணக்குக் கொடுத்து வரியைக் கட்ட வேண்டும். லாபமே இல்லாவிட்டாலும் கணக்குக் கொடுத்தாக வேண்டும். தவறினால் அபராதம் 100 பவுண்டில் தொடங்குகிறது. விதி தெரியாமல் நாளைத் தவறவிடுபவர்கள் உண்டு என்றாலும், இந்த முறையே எனக்கு நேர்மையாகப் படுகிறது. கடமை வரிக்குரியவரிடம் இருக்கிறது, வாங்குபவரிடம் இல்லை.

வீடு இருக்கும் நாட்டோடு கணக்கு முடிவதில்லை. லண்டன்வாசியின் சென்னை வாடகைக்கு பிரிட்டனிலும் வரி உண்டு. இந்தியா தந்த 30 சதவீதக் கழிவு அங்கே செல்லாது, உண்மையான செலவு மட்டுமே கழியும். இங்கே பூஜ்யமான வருமானம் அங்கே வரிக்குள் வந்துவிடும். அதுபோலவே, 2015 என்ற பிரிட்டனின் கோடு இந்திய வருமான வரித் துறையைக் கட்டுப்படுத்தாது. சென்னைக்காரர் ஹாரோ வீட்டை விற்றால் இங்கே ஆதி விலையிலிருந்துதான் கணக்கு. அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ள இரு நாட்டு ஒப்பந்தம் வழிசெய்கிறது. அவர் ஒவ்வோர் ஆண்டும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்த வீட்டைக் காட்ட வேண்டும். மறைத்தால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் அபராதம் வரலாம். 20 லட்சத்துக்கு உட்பட்ட வெளிநாட்டுச் சொத்துகளுக்கு 2024ல் தந்த தளர்வு வீடு, மனைக்குப் பொருந்தாது.

வாரிசுக்குப் போகும்போது தராசு பிரிட்டன் பக்கம் கடுமையாகச் சாய்கிறது. இந்தியா எஸ்டேட் டூட்டியை 1985ல் ஒழித்துவிட்டது. வளசரவாக்கம் ஃபிளாட் இந்திய வரி ஏதுமில்லாமல் பிள்ளைகளுக்குப் போகும். ஹாரோ வீட்டின் உரிமையாளர் வாழ்நாள் முழுதும் சென்னையிலேயே இருந்தவர் என்றாலும், 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட மதிப்புக்கு 40 சதவீதம் வாரிசு வரி. மனைவிக்கோ கணவருக்கோ போனால் பெரும்பாலும் விலக்கு உண்டு. பிள்ளைகளுக்குப் போனால் இல்லை. இறந்த மாதம் முடிந்து ஆறு மாதத்துக்குள் வரியைக் கட்டத் தொடங்க வேண்டும். கையில் பணம் இல்லாத பிள்ளைகள், வீட்டை விற்காதவரை, பத்து ஆண்டுத் தவணையில் வட்டியோடு கட்டலாம்.