திருக்கருவையும் கரிசற் காடும்

திருக்கருவை எனப் புலவர் போற்றும் கரிவலம்வந்தநல்லூரிலே பால்வண்ணநாதரும் ஒப்பனையம்மையும் எழுந்தருளி அருள்புரிகின்றனர். தென்பாண்டி நாட்டின் ஐம்பூதத் தலங்களுள் இது தேயுத் தலம். தலமரமாகிய களாவோ, காட்டிலே தானே முளைத்துப் புதராய் மண்டும் முட்செடி. கரியாகிய யானை இறைவனை வலம்வந்தமையை ஊர்ப்பெயர் உரைக்கின்றது. களாவும் களிறும் சேர்ந்த இம்மரபு, பண்டு இவ்வூரைச் சூழ்ந்திருந்த நிலம் எத்தகையது என்பதையும் குறிப்பாற் காட்டும்.

மேற்கே மலையடிவாரம் நோக்கிய நிலங்களில் ஓடைகளை மறித்துக் குளங்கட்டி நெல் விளைத்தனர். கிழக்கே பரந்த கரிசலோ அவ்வாறு எளிதில் வயப்படவில்லை. மழையிற் சேறாகிக் காலைப் பற்றும். கோடையிற் பாளம் பாளமாய் வெடிக்கும். அதனால் அதன் பெரும்பகுதி ஆடுமாடுகள் மேயும் காடாகவே நெடுநாள் கிடந்தது.

விசயநகர ஆணை தெற்கே பரவி, 1529-ஆம் ஆண்டில் விசுவநாத நாயக்கர் மதுரையில் ஆட்சி தொடங்கிய காலத்தை ஒட்டித் தெலுங்கு நாட்டுக் குடிகள் கூட்டங்கூட்டமாக இங்கு வந்தேறினர். அவருட் கம்மவாரும் ரெட்டியாரும் கரிசலின் இயல்பைத் தம் தாயகத்திலேயே அறிந்தவர். பிறர் அஞ்சிய மண்ணை அவர்கள் விரும்பி ஏற்றதற்கு இதுவே காரணம் எனலாம். முட்புதர்களை வேரோடு அகழ்ந்தனர். கனத்த கலப்பையால் ஆழ உழுதனர். ஐப்பசி கார்த்திகை மழையை அம்மண் தன்னுள் தேக்கிவைக்கும் ஈரமொன்றையே நம்பிப் பருத்தியும் சோளமும் கம்பும் விளைத்தனர். அந்நூற்றாண்டிலேதான் அதிவீரராம பாண்டியர் பெயரால் வழங்கும் கருவைப் பதிற்றுப்பத்தந்தாதியும் இத்தலத்து இறைவனுக்குச் சூட்டப்பெற்றது!

இவ்வரலாற்றைப் புகழ்மாலையாக மட்டும் தொடுத்தல் நேர்மையாகாது. ஏர் நடந்த இடத்தில் மேய்ச்சற்காரர் தம் புலத்தை இழந்தனர். கூலிக்கு முள்வெட்டிக் களையெடுத்த எளிய குடிகளுக்கோ நிலமும் கிட்டவில்லை. கல்லிற் பெயரும் கிட்டவில்லை. திருப்பணி செய்தார் பெயரைப் பொறிக்கும் இந்நாளில் அவர்களையும் நினைத்தல் தகும்.

1801-இல் பாளையக்காரர் வலி ஒடுங்கியபின் பருத்தி கடல்கடந்த வாணிகப் பொருளாய்ப் பெருகியது. அமெரிக்க நாட்டில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் மூண்டு அங்கிருந்து பஞ்சு வருவது தடைப்பட, இங்கிலாந்தின் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின, விலை ஏறிற்று. தூத்துக்குடித் துறைமுகத்தை நோக்கிப் பொதிவண்டிகள் சென்றன. எஞ்சிய புதர்நிலமும் உழவுக்கு உள்ளாயிற்று.

மரமொன்றும் இல்லாது அடிவானம் வரை உழுதுகிடக்கும் அப்புன்செய்யை இன்றும் கரிசல் உழவர் ‘காடு’ என்றே வழங்குகின்றனர். விடியலில் வேலைக்குப் புறப்படுவாரும் ‘காட்டுக்குப் போகிறோம்’ என்றே சொல்லிச் செல்கின்றனர்.